மாமனார் மாமியாரைக் குளிர வைக்கும் முறை

ஜூலை மாதம். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இறங்கியாயிற்று. அவர்கள் மனம் குளிர ஒரு ஆர்.வி.யை, அதாவது வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்து, ஐ-15 நெடுஞ்சாலையில் மொஹாவி பாலைவனத்தைக் கடந்து லாஸ் வேகாஸ் போவதென்று முடிவாகிவிட்டது. மனம் குளிர்ந்துவிடும். உடம்புக்குத்தான் இந்த வழிகாட்டி. ஒரே நிபந்தனை: ஜெனரேட்டரைத் தொடக்கூடாது. அதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம்; மாமனார் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிடுவார்.

முதலில் இட ஒதுக்கீடு. டாஷ்போர்டு ஏசி என்ஜினோடு ஓடுவது. ஓட்டுகிறவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் தாராளமாகப் போதும். இருபத்தைந்து அடி வண்டியின் கடைக்கோடிக்கு அது வெறும் சத்தமாகத்தான் போய்ச் சேரும். முன்னிருக்கைகளுக்குப் பின்னால் திரை கட்டினால் குளிர் முன்னாலேயே தங்கும் என்பார்கள் அனுபவஸ்தர்கள். உண்மைதான். ஆனால் மாமியாரைப் பின்னால் உட்கார்த்திவிட்டுத் திரையை இழுத்த மாப்பிள்ளையின் கதை, மூன்று தலைமுறைக்குக் கல்யாண வீடுகளில் பேசப்படும்.

அடுத்தது ஈரத்துண்டு. கேலியில்லை, இது நிஜமாகவே பலிக்கும். பாலைவனக் காற்றில் ஈரப்பதம் குறைவு. துண்டிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். இதே துண்டைச் சென்னையின் மே மாதத்தில் கழுத்தில் போட்டால் புழுக்கம்தான் மிச்சம். இங்கே உள்ள ஒரே சிக்கல், பத்து நிமிடத்தில் துண்டு அப்பளமாகிவிடும். நனைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகளைப் பெற்றது எதற்கு?

கூரை ஜன்னலைத் திறந்தால் காற்று வருமே என்பார் மாமனார். 65 மைல் வேகத்தில் நிச்சயம் வரும். அதன் மூடி போகும், கட்டிய டெபாசிட்டும் கூடவே போகும்.

வழியில் பேக்கர் ஊரில் 134 அடி உயர வெப்பமானி ஒன்று நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 134 டிகிரி பாரன்ஹீட்டின் நினைவாக 1991-இல் கட்டியது. எல்லோரையும் இறக்கி, அதன் முன்னால் நிதானமாகப் படம் எடுங்கள். திரும்பி ஏறும்போது வண்டி ஊட்டியாகத் தெரியும். செலவு ஒரு பைசா இல்லை.

பேக்கரைத் தாண்டியதும் நீண்ட ஏற்றம். என்ஜின் சூட்டுமானியின் முள் மேலே நகர்ந்தால் ஏசியை அணைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஹீட்டரை முழு வேகத்தில் போட வேண்டும். என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வண்டிக்குள் இழுத்துவிடும். வெளியே 45 டிகிரி செல்சியஸ், உள்ளே ஹீட்டர். மாமனாருக்கு இதை இயற்பியலாக விளக்கிவிடலாம். மாமியாருக்கு விளக்கிய மாப்பிள்ளை இதுவரை பிறக்கவில்லை.

இத்தனைக்கும் தலைக்கு மேலே, கூரையில், முழு வண்டியையும் குளிர்விக்கிற ஏசி சும்மா உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போதே ஜெனரேட்டரில் அதை ஓட்டலாம். கணக்குப் பார்க்காமல் போடுங்கள் ஐயா. ஒன்று மட்டும்: ஜெனரேட்டர் குடிப்பது வண்டியின் பெட்ரோலைத்தான். டேங்க் ஏறக்குறைய கால்வாசிக்கு இறங்கினால் தானே நின்றுவிடும். வழியிலுள்ள பார்ஸ்டோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.