இரண்டு துண்டாய் வந்த த்ரீ நாட் த்ரீ

லீ என்ஃபீல்டு துப்பாக்கியை உடைப்பது லேசான காரியமில்லை. முதல் உலகப் போரில் பிரான்சுப் பதுங்குகுழிச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த ரகம் அது. இரண்டாம் போரில் ஆப்பிரிக்கப் பாலைவன மணலையும் பர்மாக் காட்டு மழையையும் பார்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகு த்ரீ நாட் த்ரீ என்ற பெயரில் நம் போலீஸ்காரர்கள் தோளில் ஏறி, தேர்தல் பந்தோபஸ்து, கருவூலக் காவல், மந்திரி வருகை என்று எதற்கும் சளைக்காமல் நின்றது. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான். இவ்வளவையும் தாங்கிய பரம்பரையில் பிறந்த ஒரு துப்பாக்கி, அமெரிக்காவில் ஒரு பார்சல் வண்டியில் ஏறி, பக்கத்து மாநிலத்திலிருந்து ஒஹாயோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாகிப் போயிற்று.

அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் பார்த்தவர். பெயரின் பின்பாதி, இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை. எனக்கு வந்ததோ கல்கத்தா பக்கம் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1942ல் செய்தது. ஒரு கிரீடம், அதன் கீழே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர்.ஐ. முத்திரை, ஊர்ப் பெயர், வருடம் எல்லாம் இரும்பில் குத்தியிருக்கும். போர் முடிந்தது, சாம்ராஜ்யம் முடிந்தது, பழைய ஆயுதங்களை மொத்தமாக வாங்கி விற்பவர்கள் கைக்கு மாறிக் கடல் தாண்டி அமெரிக்கா வந்தது. கிரீன் கார்டுக்காக நான் காத்துக் கிடந்ததை நினைத்தால், என்னைவிட அது மரியாதையாகவே உள்ளே வந்திருக்கிறது.

வாங்கியதற்குக் காரணம் அப்பா. திருநெல்வேலி ஆயுதப்படையில் போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க இதே த்ரீ நாட் த்ரீயைத்தான் சுமந்தார். வருடாந்தரப் பயிற்சியில் சுட்டதைத் தவிர அவர் வேறு எதையும் எங்கேயும் சுட்டதில்லை. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு அடி வாங்கிய எனக்கு, ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெகுநாள் ஆசை. போனில் சொன்னேன்.

"ஏலே, காசு குடுத்தா வாங்கப் போற?" என்றார். "நாலு கிலோ இருக்கும்லே அது. அதத் தூக்கத்தான் கவர்மென்டு எனக்குச் சம்பளம் குடுத்துச்சு."

அமெரிக்காவில் 50 வயது தாண்டிய துப்பாக்கிக்குத் தனி மரியாதை உண்டு. அது கலைப்பொருள் கணக்கில் சேரும். அதைச் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு லைசென்ஸ் தருகிறார்கள், மூன்று வருடத்துக்கு 30 டாலர். அது கையில் இருந்தால் பழைய துப்பாக்கி நேரே வீட்டு வாசலுக்கே வரும். (50 வயது தாண்டிய எனக்கு இதே நாடு அனுப்பியது குடல் பரிசோதனைக்கு வரச் சொல்லும் கடிதம் மட்டும்தான்.) விண்ணப்பத்தின் நகல் ஒன்றை உள்ளூர்ப் போலீஸ் தலைமைக்கும் அனுப்ப வேண்டும். வாங்குவதையும் விற்பதையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பதிவேடு என்றதும் அப்பாவின் குரலில் மரியாதை ஏறியது. "ரிஜிஸ்டர் போடச் சொல்லுதானா? அப்பம் உருப்படியான ஊருதான்."

ஒரு காலத்தில் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. பத்திரிகை விளம்பரத்தைக் கத்தரித்துப் பணத்தோடு அனுப்பினால் தபாலில் துப்பாக்கி வரும். 1963ல் லீ ஹார்வி ஆஸ்வால்டு அப்படித்தான் சிகாகோ கடையிலிருந்து ஓர் இத்தாலியத் துப்பாக்கியைத் தொலைநோக்கியோடு வரவழைத்தார், 20 டாலர் சொச்சத்துக்கு. அந்த நவம்பரில் அதே துப்பாக்கியால் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1968ல் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாதவர் தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. வராமல் போயிருக்க வேண்டிய அந்தப் பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் பார்சலுக்கு வாய்த்த ஆட்கள் அன்றைக்கு வேலையில் இருந்திருந்தால் அமெரிக்க வரலாறே வேறு.

பெட்டி வந்தபோதே ஒரு முனை நசுங்கியிருந்தது. விற்றவர் என்னைப் போல ஒரு சேகரிப்பாளர், நல்ல மனிதர். நாலடி நீளத் துப்பாக்கியைக் கழற்றாமல் முழுசாகக் குமிழித்தாளில் சுற்றி, திரைச்சீலைக் கம்பி வரும் அட்டைப் பெட்டி போன்ற ஒன்றில் வைத்திருந்தார். பெட்டியின் நாலு பக்கமும் 'கவனம்' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையின் மேலேயே ஒரு பூட்ஸ் தடம். உள்ளே, தோளில் வைக்கும் பின்கட்டை தன் கழுத்தில் சாய்வாகப் பிளந்து, ஒரு சாண் நீளச் சில்லு தனியாகக் கிடந்தது. மிச்சக் கட்டை உள்ளே ஓடும் நீள போல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பழைய துப்பாக்கி பார்சலில் உடைந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடையும். கை பிடிப்பதற்காக மரத்தை மெலிதாக்கிய இடம் அது. லீ என்ஃபீல்டில் அந்த போல்ட்டுக்காக நடுவிலும் குடைந்திருப்பதால் மரம் இன்னும் குறைவு.

பார்சல் நிறுவனத்தாரிடம் இழப்பீடு கேட்டேன். படிவத்தில் ஒரு கேள்வி: பொருள் போதுமான அளவு பாதுகாப்பாகக் கட்டப்பட்டிருந்ததா? 'இல்லை' என்றால் அது அனுப்பியவர் குற்றம், காசு கிடையாது. 'ஆம்' என்றேன். போதுமான பாதுகாப்போடு கட்டியிருந்தால் உடைந்திருக்காது, உடைந்திருப்பதால் பாதுகாப்பு போதவில்லை என்று பதில் வந்தது. தர்க்கசாஸ்திரத்தில் இதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை. விற்றவர் பதறிப்போய், திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன் என்றார். திருப்பி அனுப்புவது என்றால் அதே வண்டி. இரண்டு துண்டாய் வந்தது நாலாய்ப் போகும். பாதி விலையில் முடித்துக்கொண்டோம்.

வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார். "கட்டைல ஒரு கீறல் விழுந்தாலே எங்களுக்கு மெமோ குடுப்பான். அந்தப் பார்சல்காரனுக்கு யாராச்சும் மெமோ குடுத்தாங்களா?" இல்லை என்றேன். "பொறவு எப்படி வெளங்கும்?" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "கட்டை போனாப் போவுது. பேரலு நேரா இருக்கா பாரு, போல்ட்டு நம்பரும் பாடி நம்பரும் ஒண்ணா பாரு." இரண்டும் சரியாக இருந்தன.

இங்கே எல்லோரும் சொன்ன யோசனை, வேறு கட்டை வாங்கி மாட்டு என்பதுதான். பழைய கட்டைகள் கிடைக்கின்றன, மாட்டவும் எளிது. என் மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டையில் ஏற்கெனவே மூன்று ஒட்டுகள் இருந்தன. எந்தக் காலத்திலோ, ஆயுதம் பழுது பார்க்கும் ஓர் ஆர்மரர் அடிபட்ட இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, வேறு மரத்துண்டைப் பதித்து இழைத்திருக்கிறார். நிறம்கூடப் பொருந்தவில்லை, பொருத்த அவர் கவலைப்படவுமில்லை. இந்தியத் துப்பாக்கிகளில் இது சர்வ சாதாரணம். முன்கட்டை பிளக்காமலிருக்க ஒரு ஸ்குரூவைக் குறுக்கே இறக்குவது இஷாப்பூர்ப் பழக்கம், அதற்கு இஷாப்பூர் ஸ்குரூ என்றே பெயர். கையெறி குண்டை வீசப் பயன்பட்ட துப்பாக்கிகளைச் செப்புக் கம்பியால் இறுக்கச் சுற்றிப் பற்றவைத்திருப்பார்கள். எதையும் தூக்கிப் போடாத ஒரு சேனையின் சொத்து அது. மூன்று ஒட்டைச் சுமந்த கட்டை நாலாவதைச் சுமக்காதா?

பக்கத்து வீட்டு அமெரிக்கர் உதவிக்கு வந்தார். அவர் வீட்டில் இல்லாத கருவி கிடையாது. பார்த்த மாத்திரத்தில் பின்கட்டையின் அடியிலிருக்கும் பித்தளைக் கதவைத் திறந்து, முழ நீள ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டுவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அவர் நாய் குரைத்தது. இந்த மாடலில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்கட்டை போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்பக்கம் பதித்த ஒரு தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால், சதுர நுனி உள்ளே சுழன்று முன்கட்டையையும் பிளந்துவிடும். பார்சல்காரர் விட்டுவைத்ததை நாம் முடித்து வைக்கலாம். எனவே முன்கட்டை முதலில், பின்கட்டை பிறகு. இதை விளக்கியதும் அவர் துப்பாக்கியைச் சற்றுப் பயத்தோடு பார்த்தார். "யாரப்பா இப்படி வடிவமைத்தது?" என்றார். உங்கள் நாட்டுக்குப் பிழைக்க வந்த ஒருவரும் இங்கிலாந்து அரசாங்கமும் சேர்ந்து என்றேன்.

அடுத்த சிக்கல் எண்ணெய். துப்பாக்கியை நட்டுக்கு நிறுத்தி வைப்பதால், இயந்திரத்தில் விடும் எண்ணெய் எல்லாம் கீழே வழிந்து கழுத்து மரத்தில்தான் சேரும். அந்த மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோன் தடவினால் எண்ணெய் வெளியே வரும், துடைத்தால் போகும், மறுநாள் பார்த்தால் மறுபடி கசிந்து நிற்கும். கடைசியில் வெள்ளைச் சுண்ணத்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். தூள் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும், தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். அந்தக் கோலத்தில் பார்த்தால் துப்பாக்கி பழனிக்குப் போய்த் திரும்பியது போல இருந்தது.

வேலை நடந்தது ஜனவரியில். எபாக்சிப் பசை, ஊரில் அரால்டைட் என்று கேட்டு வாங்குவோமே அந்த இனம், குளிரில் சரியாக இறுகாது. ஒஹாயோவின் ஜனவரியில் கார் கொட்டகை ஐஸ் பெட்டி. ஆகவே சிகிச்சை சாப்பாட்டு மேஜைக்கு இடம் பெயர்ந்தது. மனைவி ஒரு கையில் சாம்பார்ச் சட்டியோடு நின்று பார்த்தாள்.

"ஏங்க, இது எப்ப எந்திரிக்கும்?"

"ஒரு நாள் அசைக்கக் கூடாது."



ஒட்டுவதில் இரண்டு விஷயம் முக்கியம். பசை மட்டும் போதாது, சுடும்போது வரும் உதை முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்கும். நடுத்துளையைத் தொடாமல் இரண்டு பக்கமும் துளையிட்டு, மரை போட்ட பித்தளைக் கம்பிகளைப் பசையோடு இறக்கினேன். மரை இருந்தால்தான் பசை கவ்வும். இரண்டாவது, பசை பட வேண்டிய இடத்தில் மட்டும் பட வேண்டும். போல்ட்டிலும் இரும்புக் குழியிலும் பட்டுவிட்டால் பிறகு அதை யாராலும் கழற்ற முடியாது. அதற்கு ஒரு மெழுகு வேண்டும். என்ன தடவலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். "பூட் பாலிஷு" என்றார் யோசிக்காமல். இங்கே கைதேர்ந்தவர்களும் அதையேதான் தடவுகிறார்கள். ஆயுதப்படையில் பூட் பாலிஷ் தீர்க்காத பிரச்சினையே கிடையாது போலிருக்கிறது.

வளைவான கழுத்தில் பிடிப்பான்கள் வழுக்கும். மகளின் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினேன். அதைவிட நல்ல பிடிப்பான் இல்லை. மறுநாள் அவிழ்த்தபோது பிளவு ஒரு கோடாக மட்டும் மிஞ்சியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரைகள் அழிந்துவிடும். ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்து ஏற்றினாலே போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். வீட்டுக்குள் துப்பாக்கியா என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்த மனைவியிடம், துப்பாக்கி சும்மாதான் இருக்கிறது, ஆபத்து அந்தத் துணியில்தான் என்று சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளவுகளைச் சோதித்துச் சரி என்ற பிறகு, பயிற்சித் திடலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டேன். உதை தோளுக்கு வந்தது, கட்டை அசையவில்லை. படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன்.

"கோடு தெரியுது" என்றார்.

"ஒட்டுன எடம்ப்பா."

"தெரியட்டும். மறைச்சாத்தான் தப்பு, ரிஜிஸ்டர்ல எழுதிரு." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏலே, இங்க கொண்டாந்துராத. பெறவு நான்தான் தூக்கணும்" என்றார்.

லீ என்ஃபீல்டு விற்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்கட்டையைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். பெட்டி குட்டையாகும், நெம்புகோல் வேலை நடக்காது, கழுத்தும் தப்பும். கழற்றும்போது முன்கட்டையை முதலில் எடுங்கள். இவ்வளவும் சிரமம் என்றால் காரில் போட்டு நேரிலேயே கொண்டுவந்து கொடுங்கள், பெட்ரோல் செலவு என்னுடையது. மத்தியானம் வந்தால் சாப்பாடும் உண்டு, மேஜை இப்போது காலியாகத்தான் இருக்கிறது.