குவாட்டர்பேக் கொள்முதலியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கிய கையோடு, அதை யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுக்கிறவர் குவாட்டர்பேக். கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீகின் அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் சடங்கு டிராஃப்ட். அதில் குவாட்டர்பேக்கை முந்திக்கொண்டு எடுத்தால், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பை கிட்டுமா? இதற்கு முனைவர் பட்டம் தர இன்னும் ஒரு துறை அமையாதது கல்வியுலகின் குறையே.

முதல் கருதுகோள்: கிட்டும். டிராஃப்டில் முதல் ஆளாகப் போன குவாட்டர்பேக்குகளில் பிராட்ஷா, பிளங்கெட், எல்வே, ஐக்மன், மேனிங் சகோதரர் இருவர், ஸ்டாஃபோர்ட் என எழுவர் கோப்பை வென்றிருக்கிறார்கள். சற்று உற்றுப் பார்த்தால் சிக்கல் தெரியும். தம்மை எடுத்த அணிக்கே வாங்கித் தந்தவர்கள் பிராட்ஷா, ஐக்மன், அண்ணன் மேனிங் ஆகிய மூவர்தான். எல்வேயும் தம்பி மேனிங்கும் எடுத்த அணிக்கு ஆடவே மாட்டோம் என்று அடம்பிடித்து இடம் மாறியவர்கள். ஸ்டாஃபோர்ட் டெட்ராய்ட்டில் 12 பருவங்கள் உழைத்தார். பருவ முடிவில் வரும் பிளேஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றில் ஓர் ஆட்டத்தில்கூட வெற்றியில்லை. லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன முதல் பருவத்திலேயே கோப்பை! எனவே விதியைச் சற்றுத் திருத்தலாம்: முந்தி எடுத்தால் கோப்பை வரும், யாருக்கு வரும் என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காரணம் வெளிப்படை. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்குத்தான் வழக்கமாக முதல் வாய்ப்பு. ஒன்றுமில்லாத வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போகிற பையன், வந்த ஆண்டே அடுப்பெரிய வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இனி எதிர்ச்சான்று. 2000ஆம் ஆண்டு டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. அவருக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். அவர் போனது 199ஆவது ஆளாக. வென்றது ஏழு கோப்பை. முதல் இரண்டு சூப்பர் பவுல்களையும் வென்ற பார்ட் ஸ்டார் 1956இல் 200ஆவது ஆள். 199, 200 இரண்டும் அடுத்தடுத்த எண்கள் என்பதை அறிஞர்கள் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்று தெரியவில்லை. இரண்டாம் கருதுகோள் தானே பிறக்கிறது: 199க்கு முன்னால் எடுப்பது வீண்செலவு.

பத்தாவது ஆளாகப் போய் மூன்று கோப்பை வென்ற மஹோம்ஸ் இதைக் கெடுக்கிறார். அவரை விதிவிலக்கில் சேர்த்தாயிற்று. கர்ட் வார்னர்தான் எதிலும் அடங்கவில்லை. 1994இல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. அயோவாவில் மளிகைக் கடை அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அட்டவணையில் அவருக்கு எண் இல்லாததால், ஆய்வாளர் அந்த வரிசையையே நீக்கிவிட்டார்.