மினி கோல்ஃபின் முதல், கரு, உரி

உள்ளரங்க மினி கோல்ஃப் என்பது, ஊர் பார்க்க வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் காசு கொடுத்து ஆடும் ஆட்டம். கூரைக்கு அடியில் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். வண்ணப் பந்து ஒன்றைக் குட்டை மட்டையால் தட்டி, வழியில் நிற்கும் சுறாவின் வாய், காற்றாலையின் வாசல், உடைந்த கப்பலின் வயிறு ஆகியவற்றைத் தாண்டவைத்துக் குழிக்குள் தள்ள வேண்டும். குழிகள் ஒன்பது அல்லது பதினெட்டு. கோல்ஃபுக்கும் இதற்கும் உள்ள உறவு, தக்காளிக்கும் மணத்தக்காளிக்கும் உள்ள உறவு. தாவரவியல்படி இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒன்று கேட்ட இடத்தில் மற்றதைப் போட்டால் குழம்பு கெடும்.

மட்டையின் பெயர் பட்டர். கோயிலில் அர்ச்சனை செய்பவரும் ரொட்டியில் தடவப்படுவதும் இதனின்று வேறு. ஆட்டத்தை ஆங்கிலேயர் ‘கிரேஸி கோல்ஃப்’ என்பர். கிறுக்கு என்ற அடைமொழி தடத்துக்கு உரியதா, அதன்மேல் குனிந்து நிற்பவருக்கு உரியதா என்று இரு பட வாதிடலாம். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் 2003 முதல் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே நடந்துவருவதால் வாதம் சுலபத்தில் முடியாது. ‘மினிகோல்ஃப்’ என்ற சொல்லோ பதிவுசெய்யப்பட்ட வணிகப் பெயராக இருந்து, பின்னால் ஊர்ப்பொதுவானது.

ஆட்டத்தின் ஆதி வரலாறு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்குகிறது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்ணுக்கு அடக்கமல்ல என்று அக்கால ஆண்கள் கருதினர். ஆகவே ஓங்காமல் தட்டியே ஆடுவதற்கு, மேடும் பள்ளமுமான ஒரு புல்வெளி பெண்களுக்கு வாய்த்தது. 1867-இல் அங்கே அவர்களுக்கென ஒரு கிளப் தோன்றியது. புல்வெளிக்கு ‘இமயமலை’ என்று பெயர். கிளப் இன்றும் இருக்கிறது. அடக்கம் போதித்த ஆண்கள் இல்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் ஆட்டத்துக்குப் பொம்மைகள் முளைத்தன. டென்னசி–ஜார்ஜியா எல்லையில் உள்ள லுக்அவுட் மலையில் ஹோட்டல் நடத்திய கார்னெட் கார்ட்டர், விருந்தினருக்குப் பொழுது போகட்டும் என்று 1927-இல் ஒரு சிறு தடம் அமைத்தார். அவர் மனைவி ஃப்ரீடாவுக்கு ஐரோப்பியக் குட்டிச்சாத்தான் கதைகளில் பிடிப்பு. தடத்தில் குள்ளர் சிலைகளும் உள்ளீடற்ற மரத்துண்டுகளும் இடம்பிடித்தன. கட்டைவிரல் அளவேயான கதைப் பையனின் பெயரால் ‘டாம் தம் கோல்ஃப்’ என்று அழைத்து, கார்ட்டர் அதை நாடெங்கும் விற்றார். 1930-இல் அமெரிக்கா முழுவதும் இந்தப் பித்துப் பிடித்து ஆடியது. வங்கிகள் கவிழ்ந்த காலத்தில் சில்லறைக்குக் கிடைத்த கௌரவம் இது ஒன்றுதான். நியூயார்க்கில் கட்டடங்களின் மொட்டை மாடிகள்கூடத் தப்பவில்லை. வற்றல் காயப்போடும் பழக்கம் இருந்திருந்தால் அந்த நகரம் தற்காத்துக்கொண்டிருக்கும்.

1954-இல் ஒரு சீர்திருத்தம் நடந்தது. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் பால் போங்னி, எங்கே கட்டினாலும் அளவு மாறாத கான்கிரீட் தடங்களை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு வட கரோலினாவில் டான் கிளேட்டன், பொம்மையும் தந்திரமும் இல்லாத, தட்டும் திறமையை மட்டும் சோதிக்கிற ‘பட்–பட்’ தடங்களைத் தொடங்கினார். இருவரும் ஆட்டத்தை ஆட்டமாக்கப் பாடுபட்டார்கள். காற்றாலை அசையவில்லை, அதாவது, சுற்றிக்கொண்டேயிருந்தது.

இனி உள்ளரங்க வகை. இதை மேலைநாட்டு வகைப்பாட்டில் விளையாட்டு என்ற தலைப்பில் வைத்துக் குழப்புவதைவிட, நம் மரபுப்படி முதல், கரு, உரி என்று பிரிப்பது தெளிவு.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் என்பது நகர நடுவே ஒரு நிலவறை, பழைய கிடங்கு, அல்லது பேரங்காடியில் துணிக்கடை காலிசெய்து போன தளம். பொழுது, பிற்பகல் மூன்று மணி. லண்டனை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். சுற்றுலா வந்த குடும்பம் காலை பத்து மணிக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் நுழைகிறது. ரொசெட்டா கல்லை முன்னே நிற்பவர்களின் கைப்பேசித் திரைகளில் பார்க்கிறது. பன்னிரண்டு மணிக்கு எகிப்தியப் பிணங்கள். ஒரு மணிக்கு அந்தப் பிணங்களின்மேல் பொறாமை வருகிறது, அவை படுத்திருக்கின்றன என்பதால். வெளியே வந்தால் தூறல். மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மினி கோல்ஃபுக்கு உண்டு. இலவசத்தைவிட்டுக் கட்டணத்துக்கு மனமுவந்து போவது பொருளியல் சூத்திரத்துக்குள் அடங்காது. காலணியைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்தால் அடங்கும்.

கருப்பொருள் என்பவை பிளாஸ்டிக் பனைமரம், கடற்கொள்ளையன், டைனோசர், எரிமலை, புகை கக்கும் இயந்திரம், சத்தமான பாட்டு. தடத்துக்கு ஒரு கதைக்களம் இருந்தே ஆக வேண்டும் என்பது இன்றைய விதி. லண்டன் நிதி வட்டாரத்தில், ‘கெர்கின்’ என்று வெள்ளரிக்காய்ப் பட்டம் பெற்ற உயர்ந்த கட்டடத்தின் அருகே உள்ள ஸ்விங்கர்ஸ், 1920களின் ஆங்கிலக் கிராமத்து கோல்ஃப் கிளப்பைக் காற்றாலையும் கலங்கரை விளக்கமுமாக உள்ளே கட்டி வைத்திருக்கிறது. இங்கிலாந்தைப் பார்க்க விமானம் ஏறி வந்தவர், இங்கிலாந்தில் ஒரு கதவைத் திறந்து உள்ளே போய், இங்கிலாந்தின் பொம்மையைப் பார்க்கிறார். ‘ஒரிஜினலைவிட இது நல்லா இருக்கு, நனையல’ என்று சொல்லவும் செய்கிறார்.

கருப்பொருள்களில் தனி ஆய்வு வேண்டுவது ஒளி. பெர்லினின் கோர்லிட்சர் பூங்காவில், பழைய ரயில் நிலையத்தின் மிச்சமாக நிற்கும் கட்டடத்தின் நிலவறையில் கறுப்பொளி மினி கோல்ஃப் ஒன்று உண்டு. இந்த வகை இப்போது பல நகரங்களில் பரவிவிட்டது. அறை இருட்டு. விளக்குகள் உமிழ்வது பெரும்பாலும் 400 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழான புற ஊதாக் கதிர். அதைக் கண் காணாது. ஒளிரும் சாயங்கள் உறிஞ்சிக்கொண்டு, கண் காணும் நிறமாகத் திருப்பித் தரும். அதனால் சுவரோவியங்களும் பந்தும் இருட்டில் மிதக்கின்றன. சாயங்களுக்குப் பாரபட்சம் தெரியாது என்பதுதான் சிக்கல். சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் ஒளிரும். ஆகவே வெள்ளைச் சட்டைக்காரர் நடமாடும் ட்யூப்லைட் ஆகிறார். டானிக் வாட்டரில் இருக்கும் குயினைன் நீலமாக ஒளிர்வதால் யார் என்ன குடிக்கிறார் என்பது கூடம் முழுவதும் தெரியும். பற்களும் மின்னும். கறுப்புச் சட்டையின் தோளில் ஒட்டிய ஒவ்வொரு நூலும், அது நூல்தான் என்று சட்டைக்காரர் சாதித்தாலும், நட்சத்திரமாகிறது. இவை எல்லாவற்றிலும் தமிழருக்கு நெருக்கமானது மஞ்சள். எண்ணெயில் கலந்த மஞ்சள் இந்த ஒளியில் இளம்பச்சையாகப் பளிச்சிடும். மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் சட்டையில் எங்கெங்கே சிந்தியது என்பதற்கு ஒரு வரைபடமே எழும்.

கருவிகள் மூன்று. மட்டை உயரத்துக்கு ஏற்பக் கிடைக்கும். பந்தின் நிறத்தை அவரவர் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டம் முழுவதிலும் ஆடுபவரின் எண்ணப்படியே நடப்பது இந்த ஒன்றுதான் என்பதால் இதற்கு நேரம் பிடிக்கும். ஒரே குடும்பத்தில் இருவருக்கு ஆரஞ்சு பிடித்திருந்தால் இன்னும் பிடிக்கும். மூன்றாவது கருவி பென்சில். சுண்டுவிரலைவிடச் சற்று நீளம். பின்பக்கம் பெரும்பாலும் அழிப்பான் இருக்காது. ஆட்டத்தின் முடிவை மட்டையைவிட அதிகம் தீர்மானிக்கும் கருவி இதுவே என்பது கீழே நிறுவப்படும்.

ஆடும் முறைக்கு இயற்பியல் போதும். அடிபட்ட பந்து முதலில் கம்பளத்தில் வழுக்கும், பிறகே உருளும். நேராக, சுழற்சியின்றிப் புறப்பட்ட பந்து முழுமையாக உருளத் தொடங்கும்போது அதன் வேகம் தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 43. பந்து குழியைக் கடக்கும் நேரத்துக்குள் தன் ஆரத்தின் அளவாவது கீழே இறங்க வேண்டும். கணக்குப் போட்டால், குழியின் நடுவே போகும் பந்து விழுவதற்கு அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வருகிறது. அது ஓர் ஆள் சாதாரணமாக நடக்கும் வேகம். குழி, நடந்து வருபவரை ஏற்கும்; ஓடி வருபவரைத் தாண்டிப் போகவிடும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த ஒரு செய்தி மட்டும் கடைசிக் குழிவரை கையில் இறங்குவதில்லை.

பக்கச் சட்டத்தில் மோதித் திரும்பும் பந்தைப் பொறுத்தவரை கேரம் பழகியவருக்கே சாதகம். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனான ஆட்டம் அது; போர்டின் விளிம்பில் அடித்துத் திருப்பும் கோணம் தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் பாடநூல் இல்லாமலே கற்பிக்கப்பட்டது. ஆனால் கேரம் போர்டில் பவுடர் உண்டு, டைனோசர் கிடையாது. காற்றாலைக்கு வேறு கணக்கு. நான்கு இறக்கைகள், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை வாசல் திறக்கும். பந்து வாசலை அடைய இரண்டு நொடி ஆகுமானால், வாசல் திறப்பதற்கு அரை நொடி முன்பே அடிக்க வேண்டும். திறந்தது கண்டு அடித்தால் பந்து போய்ச் சேரும்போது இறக்கை வந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்காமல் அடிக்கிறார்கள். பந்து உள்ளே போகிறது.

உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். நால்வர் ஆடும்போது ஒருவர் அடிக்க மூவர் நிற்கிறார்கள். ஆகவே ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு ஆட்டம் கால் மணி, நிற்பது முக்கால் மணி. இதில் முன்னே ஆடும் குழு இன்னும் ஏழாம் குழியில் இருப்பதும், பின்னே வந்தவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு ‘பரவாயில்லை, மெதுவாக ஆடுங்கள்’ என்று முகத்தால் மட்டும் சொல்வதும் சேரவில்லை. அடித்துவிட்டு நிற்பவருக்கு அறிவுரை சுரக்கிறது. அடிக்கக் குனிந்தவருக்கு அதைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

எஞ்சியது எண்ணிக்கை. பந்தயமாக ஆடும் உலக மினி கோல்ஃப் விதிகளில் ஒரு தடத்துக்கு அதிகபட்சம் ஆறு அடி. ஆறிலும் விழாவிட்டால் ஒன்று கூட்டி ஏழு என எழுதிவிட்டு நகர வேண்டும். சுற்றுலா ஆட்டத்தில் இந்த விதி இரண்டாம் குழியில்தான் நினைவுக்கு வரும். அதுவும் அப்போது தோற்றுக்கொண்டிருப்பவருக்கு. ஒரு குடும்பத்தில் அ, ஆ, இ, ஈ என நால்வர் உள்ளனர் எனக் கொள்க. அ தந்தை, ஆ தாய், இ கல்லூரி போகும் மகள், ஈ மகளுக்குத் தாய்மாமன். பென்சில் அ-விடம் உள்ளது. ஆறாம் குழியில் சுறாவின் வாய்க்கு வெளியே அ நான்கு முறையும், அதைத் தாண்டியபின் இரண்டு முறையும் அடிக்கிறார். ஒருமுறை பந்து அவர் காலிலேயே வந்து நிற்கிறது.

‘அப்பா, எத்தனை போட்டீங்க?’

‘நாலு.’

‘ஆறுப்பா. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்.’

‘கால்ல பட்டது எப்படிம்மா கணக்கு? முதல்ல அடிச்சது சும்மா பார்த்தது.’

‘விடுடி,’ என்பார் ஆ. ‘பெரியவங்க ஏதோ எழுதிக்கிறாங்க.’

‘மாமா, நீங்களாவது சொல்லுங்க!’

ஈ சொல்ல மாட்டார். அவருடைய எட்டு, அ-வின் பென்சிலில் ஐந்தாக இறங்கி இரண்டு குழிகள்கூட ஆகவில்லை. இந்த உரையாடலிலிருந்து பெறப்படும் விதிகள் பல. பென்சில் வைத்திருப்பவரின் எண்ணிக்கை இருட்டோடு சேர்ந்து குறையும். ‘சும்மா பார்த்தது’ என்ற வகை அடி குழியில் விழுந்துவிட்டால் மட்டும் முதல் அடியாக மாறும். கம்பளத்துக்கு வெளியே போன பந்தைக் கையால் எடுத்து வைக்கும்போது அது போன இடத்தைவிடக் குழிக்கு ஒரு சாண் பக்கமாகவே வைக்கப்படும். ஆ-வின் கணக்கை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் உண்மையில் வென்றவர் அவரே.

இந்த இலக்கணத்துக்கு 2018-இல் ஒரு சோதனை வந்தது. அந்த ஆண்டு மேற்கு லண்டனின் வெஸ்ட்ஃபீல்டு பேரங்காடியில் திறந்த பட்ஷாக் கூடத்தில், பந்துக்குள்ளேயே மின்னணுக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. பந்து தன் அடிகளைத் தானே எண்ணித் திரையில் காட்டிவிடும். பென்சில் இல்லை. அதனால் கூட்டல் பிழையும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. ஈ-யின் எட்டு எட்டாகவே நிற்கும். பொறியியல் இங்கே ஓர் உறவுமுறையில் கைவைத்திருக்கிறது.

கடைசிக் குழியின் அமைப்பு தனி. அதில் விழுந்த பந்து பல கூடங்களில் திரும்பி வராது. குழாய் வழியாக எங்கோ உருண்டுபோய், பந்து கொடுத்த மேசைக்கடியில் சேர்ந்துவிடும். சிறு பிள்ளைகள் குழிக்குள் கைவிட்டுத் தேடுவதும், அழுவதும், ‘அது வீட்டுக்குப் போயிடுச்சு கண்ணு’ என்று சமாதானம் சொல்வதும் இந்த இடத்தில்தான். மட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அட்டையில் கூட்டல் நடந்து அ ஓரடியில் வென்றதாக அறிவிக்கப்படும். மேலே வந்தால் மழை விட்டிருக்கும். மியூசியம் ஐந்து மணிக்கு மூடியிருக்கும். பென்சிலை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது அ-வின் சட்டைப் பையிலேயே விமானம் ஏறி ஊருக்கு வந்து, சமையலறை நாள்காட்டியில் பால் கணக்கு எழுதப் பயன்படும். அங்கே ஆ எண்ணுவார்.