மேளம் பேசப் போறியா மாப்ளே?

வா மாப்ளே, ஒக்காரு. உன் மவனுக்கு ஆவணியில முகூர்த்தம்னு உங்கம்மா சொன்னா. மண்டபத்த போன தையிலயே புடிச்சிட்ட. மேடைக்குப் பூ பெங்களூர்லேர்ந்து வருதாம். தலைக்கு மேல பறந்து படம் புடிக்கிற ட்ரோனுக்கும் ஆள் பேசியாச்சு. மேளத்துக்கு மட்டும் ஆடி பாதி கழிஞ்சப்புறம், 'மாமா, கம்மி ரேட்டுல ஒரு செட்டு தெரியுமா'ன்னு வந்து நிக்கிற. நல்ல ஆளுங்க எல்லாம் சித்திரையிலயே அச்சாரம் வாங்கியிருப்பாங்க. பரவால்ல, உனக்குத் தகுந்த மாதிரி யோசன சொல்றேன்.

ரெண்டு நாயனம், ரெண்டு தவில் எதுக்கு? ஒவ்வொண்ணு போதும். ஒருத்தரு மூச்சு வாங்குறப்ப இன்னொருத்தரு எடுத்துக்குவாருங்கிறதெல்லாம் பணம் உள்ளவன் பேச்சு. உன் கல்யாணத்துல மூச்சு வாங்குற நேரம் எல்லாரும் சும்மா இருக்கட்டும். ஒத்து ஊதுறவர சுருதிப்பெட்டி எப்பவோ வீட்டுக்கு அனுப்பிடுச்சு. தாளம் போடுற பையனையும் நீ அனுப்பிட்டா பந்தியில ஒரு எலை மிச்சம்.

பேரம் நல்லா அடிச்சுப் பேசு. நீ கொறைக்கக் கொறைக்க அவரும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாரு. முகூர்த்தத்தன்னிக்கு வேன்லேர்ந்து எறங்குறது மட்டும் அவரா இருக்காது. ஒரே நாள்ல ஊர்ப்பட்ட கல்யாணம். அவரு கேட்டதக் குடுத்த வீட்டுக்குப் போயிருப்பாரு. உன் வீட்டுக்கு அவரு மச்சினன் மவன் வருவான், வர்ணம் பாதி பாடமான பையன். 'யாரு வந்து வாசிப்பீங்க'ன்னு அச்சாரம் குடுக்குறப்பவே கேக்கணும். கேட்டா ரேட்டு ஏறும். நீ கேக்காத.

செல்போன்ல பாத்துத்தான் ஆள் புடிப்பியாம். அதுல எல்லாரும் வித்வான்தான். ஆடி மாசம், தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் திருவிழா நடக்குது. ராத்திரி சாமி வர்றப்ப பின்னாலயே நடந்து போ. வேட்டுச் சத்தத்துக்கும் ஸ்பீக்கர் சத்தத்துக்கும் நடுவுல, நடந்துக்கிட்டே ஒருத்தன் ராகத்த கலையாமக் கொண்டு போனான்னா அவனப் பேசு. பெரிய கோயில்ல மல்லாரி கேட்டுட்டு வந்து, 'என் மவன் கார்லேர்ந்து எறங்குறப்ப அத வாசிங்க'ன்னு மட்டும் சொல்லிடாத. அது சாமி பொறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில வாசிக்கிறது. உன் மவன எனக்குத் தெரியும், அவ்வளவு கம்பீரம் அவனுக்குத் தாங்காது.

மைக்கு? வையி, ரெண்டா வையி. தெருவுல ஊதினா நாலு தெரு தாண்டிக் கேக்குற வாத்தியம் அது. முன்னயெல்லாம் குட்டையான திமிரி நாயனம், சுருதி உச்சியில நிக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் நீளமான பாரி நாயனத்த எடுத்து, சுருதிய எறக்கி, தோடிய மணிக்கணக்கா வாசிச்சாரு. அந்தப் பாரியையே ஏசி ஹாலுக்குள்ள கதவ சாத்திட்டு மைக்குல விட்டுப் பாரு, சம்பந்தி வீட்டுக் கெழவிங்க காதப் பொத்திக்கிட்டு பஸ்சுக்குப் போயிடுவாங்க. அதுலயும் நாலு எலை மிச்சம்.

கெட்டி மேளத்துக்கு வர்றேன். தாலி ஏறுற நேரம் ஒரு தும்மலோ, ஆகாத பேச்சோ காதுல விழுந்துடக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு அது. ஐயரு வெரல ஆட்டுவாரு. தவில்காரரு கண்ணு அந்த வெரல்லயே இருக்கும். இப்ப ஐயரு எங்க தெரியிறாரு? முன்னால கேமராக்காரன் முதுகு. உன் மச்சினனுங்க நாலு மூலையிலேர்ந்தும் 'கெட்டி மேளம்! கெட்டி மேளம்!'னு கத்துவானுங்க. தவில் பொரிய ஆரம்பிக்கும். அப்பத்தான் போட்டோக்காரன், 'சார், தாலிய அப்பிடியே கழுத்துக்கிட்ட புடிங்க, இங்க பாத்து சிரிங்க'ம்பான். உன் மவனும் சிரிப்பான். ட்ரோன் ஒரு சுத்து சுத்தும். 'இன்னும் ஒண்ணு சார்!' வலது கை வெரல்ல கூடும் எடது கையில பூவரசங் கழியுமா அந்த மனுஷன் அடிச்சுக்கிட்டே இருப்பாரு. நிறுத்தினா அபசகுனம், அடிச்சா தோள் எறங்கிடும். மூணாவது முடிச்சு விழுறதுக்குள்ள ரெண்டு கல்யாணத்துக்கான அடிய அடிச்சிருப்பாரு. கூலி ஒண்ணுக்குத்தான். உனக்கு லாபந்தானே?

நலங்குல சினிமாப் பாட்டுக் கேளு, தப்பில்ல. முகூர்த்தத்துல சீட்டு எழுதி அனுப்பாத. உன் பேரப் புள்ளைங்க புளியங்காயோட முன்னால போய் நிக்காமப் பாத்துக்க. நாயனக்காரருக்கு எச்சி ஊறினா சீவாளி பேசாது. அந்தக் காலத்துல உங்க சித்தப்பன் அப்பிடித்தான் நிப்பான், கையில உப்பும் வெச்சிக்கிட்டு.

நரசிங்கம்பேட்டையில பழைய வீட்டுல பிரிச்ச ஆச்சா மரத்தத் தேடி வாங்கிக் கடையிற நாயனம் அது. 2022-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. நீ அவ்வளவெல்லாம் குடுக்க வேணாம், மேளக்காரங்க ஒக்கார ஒரு ஜமுக்காளம் குடு. பாத்திரம் கழுவுற எடத்துக்குப் பக்கத்துல வேணாம். விடியக்காலம் நாலு மணிக்கு வந்தவங்களுக்கு தாலி கட்டினதும் எலை போட்டுடு. கடைசிப் பந்தி வரைக்கும் காக்க வெச்சா ரசமும் மோருந்தான் மிஞ்சும். அப்பறம் மங்களம் கொஞ்சம் மெலிஞ்சுதான் வரும்.

மிச்சப் பணத்த மட்டும் ரெடியா மடியில வெச்சுக்க. வாசிச்சு முடிச்சிட்டு அவரு உன்னத் தேடி மண்டபம் முழுக்க அலையுறப்ப, நீ மொய் எண்ணுற ரூம்ல உள்தாப்பாப் போட்டுக்கிட்டு இருப்ப. எனக்குத் தெரியாதா? உங்கப்பன் கல்யாணத்தன்னிக்கு உங்க தாத்தாவ அங்கேர்ந்து வெளியில இழுத்துக்கிட்டு வந்தவனே நான்தான்.