நிகழ்காலத்துச் சித்தப்பா

கல்யாண வீட்டுப் பந்தியில் இவர் பக்கத்தில் உட்காருவது கஷ்டம். இவர் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்பது அதைவிடக் கஷ்டம்.

இலை போட்டதும் எல்லோரும் தண்ணீர் தெளித்துத் துடைப்போம். சித்தப்பா இலையை ‘உணர்வார்’. நரம்பைத் தடவுவார், கண்ணை மூடுவார், மூச்சைக் கவனிப்பார். அதற்குள் உப்பு, ஊறுகாய், இனிப்பு, கூட்டு, பொரியல் எல்லாம் வந்திறங்கி, சோறும் விழுந்து, பருப்பும் நெய்யும் ஊற்றியாகிவிடும். சாம்பார் வாளியோடு பையன் வந்து நிற்பான்.

“சார், சாம்பார்?”

பதில் இல்லை. ஒரு நீண்ட மூச்சு உள்ளே போகும், வெளியே வரும். அப்புறம் ஒற்றைக் கண் திறக்கும். “பருப்பையே இன்னும் நான் முழுசா உணரலை தம்பி.”

கவளத்துக்கு முப்பத்திரண்டு முறை மெல்லுவார். எண்ணுவதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்; மேசைக்கு அடியில் இடது கை விரல்கள் மடங்கி நிமிர்வது பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். வரிசை மொத்தமும் மோர் சாதம் முடித்துக் கை கழுவப் போயிருக்கும். இலை எடுக்கிற அம்மா மேசைக் காகிதத்தை இலையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வந்து, சித்தப்பாவின் ரசத்துக்கு முன்னால் பிரேக் போட்டு நிற்பார். அடுத்த பந்திக்காகச் சர்க்கரை வியாதிக்கார ஆச்சி ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவார்.

“சித்தப்பா, பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

“அது எதிர்காலம்டா. நான் நிகழ்காலத்துல இருக்கேன்.”

எல்லாம் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போய்வந்த பிறகுதான். முகாமைக் குற்றம் சொல்ல முடியாது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கட்டணமும் இல்லை. இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்காவின் குரு ஊ பா கின், பர்மா அரசின் கணக்குத் துறைத் தலைவர். ஆபீசையும் நடத்திக்கொண்டு தியானமும் சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979இல் தொடங்கிய தியானப் பயிற்சியிலும் ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, நிதானமாக மெல்லச் சொல்வார்கள். ஒரே ஒரு திராட்சை! முகூர்த்த நாளில் முழு இலைக்கும் அதைச் செய் என்று அவர் சொல்லவில்லை.

விபஸ்ஸனாவில் ஆரம்ப நாட்கள் முழுக்க மூக்கருகே மூச்சைக் கவனிக்க வேண்டும். கடைசியில், பத்தாம் நாள், எல்லா உயிர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மைத்ரி பயிற்சி. சித்தப்பா மூக்கோடு நின்றுவிட்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். இப்போது “அநித்தியம்” என்று முணுமுணுத்துவிட்டு உப்பைப் போட்டுக்கொள்கிறார். பேரன் அவருடைய கண்ணாடியை உடைத்தபோது கூடக் கத்தவில்லை. அந்த வகையில் வீட்டுக்கு லாபம்தான்.

ஆனால் அந்த டம்ளர் சமாச்சாரத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. பாத்திரம் கழுவுவதையும் தியானமாகச் செய்யலாம் என்று வியட்நாம் துறவி திக் நியட் ஹான் எழுதியிருப்பதை எங்கேயோ படித்துவிட்டார். அன்று முதல், தான் காபி குடித்த டம்ளரைத் தானே கழுவுகிறார். குழாயைத் திறந்துவிட்டு, அடிப்பாகம், விளிம்பு, உட்புறம் என்று தனித்தனியாக உணர்ந்து, தொட்டித் தண்ணீர் பாதி தீர்கிற வரைக்கும். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சாந்தத்தோடு ஹாலுக்குப் போய்விடுவார். குக்கர், வாணலி, பால் பொங்கித் தீய்ந்த பாத்திரம் எல்லாம் சிங்க்கிலேயே கிடக்கும். சித்தி அவற்றைக் கல்யாணமான நாளிலிருந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு யாரும் தியானம் என்று பெயர் வைக்கவில்லை.

மூச்சு வலது நாசியில் போகிறதா இடது நாசியில் போகிறதா என்று கண்டுபிடிக்கிற மனுஷருக்கு, சித்தி ஒரு வாரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது கண்ணில் படவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லவில்லையா என்று சித்தியிடம் கேட்டேன்.

“எங்கடா? அவருக்கு மூச்சைக் கவனிக்கவே நேரம் சரியா இருக்கு. எனக்கு மூச்சு விடவே நேரமில்லை.”