ஓடினவனுக்கும் ஒரு உண்டியல்

மாரத்தானின் ஆதிபுருஷர் என்று நாம் கும்பிடும் ஃபைடிப்பிடிஸ் உண்மையில் ஓடியது வேறு காரியத்துக்கு. கி.மு. 490-இல் பாரசீகப் படை மாரத்தான் கரையில் வந்து இறங்கியது. படை உதவி கேட்க ஏதென்ஸ்காரர்கள் இவரை ஸ்பார்ட்டாவுக்கு விரட்டினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். மனுஷன் மறுநாளே போய் நின்றார். ஸ்பார்ட்டாக்காரர்கள் சாவகாசமாக, "வருகிறோம், பௌர்ணமி ஆகட்டும்" என்றார்கள். அஷ்டமி, நவமி பார்ப்பது நம் பாட்டிகள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளவும். இவ்வளவையும் எழுதிவைத்த ஹெரோடோட்டஸ், ஃபைடிப்பிடிஸ் மாரத்தான் வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸுக்கு ஓடிவந்து பொத்தென்று விழுந்து செத்ததாக ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த உருக்கமான கிளைமாக்ஸ், பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் கைச்சரக்கு.

1896-இல் ஒலிம்பிக்கை மறுபடி ஆரம்பித்தபோது அந்தக் கைச்சரக்கைத்தான் பந்தயமாக்கினார்கள். அப்போது தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மிச்சமெல்லாம் ராஜ உபசாரம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டைப் புல்வெளியில் தொடங்கி, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்ததில் 42.195 ஆகிவிட்டது. 40-ஐத் தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொள்பவர்கள் யாரைத் திட்டுவது என்று இனி யோசிக்க வேண்டாம்.

அன்றைக்கு ஸ்டேடியத்துக்குள் முதலில் நுழைந்தவர் டொராண்டோ பியெத்ரி. இத்தாலியில் மிட்டாய்க்கடைத் தொழிலாளி. நுழைந்தவர் தப்பான பக்கம் திரும்பினார். சரியான பக்கம் திருப்பிவிட்டார்கள். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். கல்யாண வீட்டில் அளவு மீறிப்போன மாமாவை ஆட்டோவில் ஏற்றுகிற மாதிரி, அதிகாரிகளே கைத்தாங்கலாகப் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தார்கள். கடைசி 350 மீட்டருக்கு ஏறத்தாழ 10 நிமிடம்! அமெரிக்கர்கள் புகார் கொடுக்க, தங்கம் அவர்கள் ஆள் ஜானி ஹேஸுக்குப் போனது. மறுநாள் அலெக்ஸாண்ட்ரா ராணி மனமிளகி பியெத்ரிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். கோப்பையைக் காட்டினால் அடுப்பு எரியுமா? அது உறைத்தது ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலுக்குத்தான். 5 பவுண்டு தன் காசைப் போட்டு, 'டெய்லி மெயில்' பத்திரிகை வழியாக உண்டியல் குலுக்கினார். பியெத்ரி ஊரில் பேக்கரி வைக்கட்டும் என்று 300 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

ஓடினவனுக்கு ஊர் காசு போட்ட கதை இது. ஊருக்காக ஒருவர் ஓடிக் காசு சேர்ப்பது, 1981-இல் லண்டன் மாரத்தான் தொடங்கிய பிறகு திருவிழாவே ஆனது. அந்தத் திருவிழாவில் என் குலசாமி லாயிட் ஸ்காட். தீயணைப்பு வீரராக இருந்தவர். ரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மஜ்ஜை மாற்றிப் பிழைத்தவர். 2002-இல், புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குப் பணம் திரட்ட, பழங்காலத்து ஆழ்கடல் முக்குளிப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். செப்புத் தலைக்கவசம், ஈயக் காலணி, எல்லாம் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல். அதே ஞாயிற்றுக்கிழமை காலித் கனூச்சி 2 மணி 5 நிமிடம் 38 விநாடியில் உலக சாதனையே செய்து முடித்துவிட்டார். ஸ்காட் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. பந்தல் பிரித்து, பாத்திரம் கழுவி, வாடகை நாற்காலி திரும்பிப் போன பிறகு மாப்பிள்ளை வந்த மாதிரி. 2011-இல் இது போதாதென்று நத்தை வேடம் கட்டி, வயிற்றால் ஊர்ந்தார். 26 நாள்.

ஆகவே, ஆபீஸில் யாராவது ஷூவை மாட்டிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்காக ஓடுகிறேன் சார், உங்களால் முடிந்தது" என்று க்யூஆர் கோடை நீட்டினால், தயவுசெய்து நீங்கள் ஓடாதீர்கள். அது அவர் வேலை.