பூலாம்பட்டிப் படகும் மீதிப் பகலும்: ஒரு நீரியல்-உணவியல் ஆய்வு

சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே காவிரியை விசைப்படகில் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக் குடும்பம் எதுவானாலும், “படகு ஏறிட்டு ஒரு குளி குளிச்சிட்டு வந்துடலாம்” என்று விடிகாலையில் கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடுகிறது. மீதி நேரம் எங்கே போகிறது? இதுவே இவ்வாய்வின் சிக்கல். பல்கலைக்கழகங்கள் இதை இன்னும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வாளர்களும் பூலாம்பட்டியிலேயே இருப்பது காரணமாகலாம்.

ஒப்பீட்டுக்குக் கிரேக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் ஏறினால் ஐட்ரா, போரோஸ், ஏஜினா என்று மூன்று தீவுகளைக் காட்டி மாலையில் இறக்கிவிடும் கப்பல்கள் உண்டு. சிறிய படகுகளோ வழியில் நங்கூரம் போட்டு, ஏணியை இறக்கி, ஆட்களைக் கடலில் குதிக்க விடுகின்றன. பகல் முழுக்கப் படகிலேயே கழிவதால் காலக்கணக்கில் ஓட்டை விழுவதில்லை. நம்மூர்ப் படகுக்காரரிடம் நடு ஆற்றில் குதிக்க உத்தரவு கேட்டால், “ஏனுங்ணா, பேசாம உக்காருங்க, கரைக்குப் போயிக் குளிச்சுக்கலாம்” என்பதோடு ஆய்வு முடிந்துவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஐட்ரா தீவில் தனியார் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமை தூக்குகின்றன. பூலாம்பட்டியிலோ மோட்டார் சைக்கிளே பயணியாகப் படகேறுகிறது. நாகரிகத்தில் யார் முந்தியவர் என்பதை அதன் சைலன்சர் பக்கம் உட்கார்ந்து காலைச் சுட்டுக்கொண்டவர் சொல்லட்டும்.

இனி நீரியல். ஏஜியன் கடலில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்கே தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று வலுத்தால்தான் படகு நிற்கும். மற்றபடி கடல் போட்ட இடத்திலேயே இருக்கும். நம் தண்ணீர் மதகு வைத்த தண்ணீர். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறப்பது மரபு. ஆகவே சேலத்து வீடுகளில் நாளிதழின் அணை நிலவரம் ராசிபலனுக்கு முன்பே படிக்கப்படுகிறது. வீட்டில் வயல் ஒரு சென்ட்கூட இல்லாத பெரியப்பாவும் நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். போகலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு அவர் வாயில்தான் வரவேண்டும். இதற்கே முதல்நாள் மாலை முழுவதும் செலவாகிவிடுவதால், காலக்கணக்கைக் கிளம்பிய நாளிலிருந்து தொடங்குவது பிழை என்று இவ்வாய்வு கருதுகிறது.

நீர் கூடினால் நல்லது என்ற பாமரக் கருத்தும் செல்லாது. 2024 ஜூலை 30-இல் அணை தன் வரலாற்றில் 43-ஆவது முறையாக 120 அடியைத் தொட்டது. அப்படி உபரி நீரைத் திறந்துவிடும் நாட்களில்தான் படகு கரையில் கட்டிக்கிடக்கிறது. ஆறு நிறைந்தால் படகு இல்லை. அணை வற்றினாலோ பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தலைகாட்டும். அதைப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே பூலாம்பட்டியைக் காப்பாற்றுவது நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய கதவணைகளில் இதுவும் ஒன்று. பூலாம்பட்டியைக் ‘குட்டி கேரளா’ என்று கொண்டாடும் கூட்டத்தில் ஒருவராவது மின்வாரியத்துக்கு நன்றி சொல்லிக் கேட்டதில்லை. பராமரிப்புக்காகக் கதவைத் தூக்கினால் கேரளா வடிந்து பாறை தெரியும்.

குளியல்தான் ஆய்வின் இதயம். தண்ணீருக்குள் இருக்கும் நேரம் குறைவு. இறங்க வைக்க ஆகும் நேரம் மிக அதிகம். முதலில் பையன்கள் இறங்கிவிடுவார்கள். மாமா கரையில் நின்று வாட்சைக் கழற்றி அத்தையிடம் கொடுப்பார், பிறகு போனை, பிறகு சட்டைப்பையிலிருந்த சில்லறையை, கடைசியில் மூக்குக்கண்ணாடியை. வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கட்டைவிரலை மட்டும் நனைத்து வெளியே எடுப்பார். “ஜில்லுன்னே இல்லீங் மாமா, வாங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு பொய் வரும். இந்தப் பொய்யைச் சொல்பவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும். மாமா இறங்கிய பிறகு கரையேற்றுவது அடுத்த சிக்கல். அத்தை வாட்சைப் பார்த்து நேரம் சொல்லச் சொல்ல அவர் இன்னொரு முங்கு போடுவார். எங்கே ஆழம், எங்கே சுழல் என்று தெரிந்த உள்ளூர்க்காரர் சொல்லும் இடத்தைத் தாண்டக்கூடாது என்பதில் மட்டும் இவ்வாய்வுக்குக் கேலியில்லை.

ஈரத்தில் பசி ஏன் இரட்டிப்பாகிறது என்பதற்கு உடலியலார் விளக்கம் வைத்திருக்கலாம். மசாலா தடவிய ஜிலேபி மீன் கல்லில் புரளும் வாசனை போதுமான விளக்கம் என்பது எம் முடிபு. வீட்டிலிருந்து கட்டிவந்த புளிசாதம் அப்போதுதான் தயிர்சாதத்தைக் காட்டிலும் கேவலமாகப் பார்க்கப்படுகிறது. ஆடிப்பெருக்கன்று இந்த ஏற்பாடு தலைகீழாகும். அன்று சித்ரான்னத்துக்குத்தான் மரியாதை.

இவை எல்லாவற்றையும் கூட்டியும் பகலில் ஒரு பகுதி கணக்கில் வரவில்லை. களத்தில் கூர்ந்து பார்த்ததில் குறை துண்டில் இருப்பது தெரிந்தது. எத்தனை பேர் கிளம்பினாலும் எடுத்து வருவது இரண்டு துண்டு. மூப்புப்படி அவை கைமாறும். பெரியப்பா துவட்டிக்கொண்டது மாமாவுக்கு, மாமாவிடமிருந்து பெரிய பையனுக்கு. கடைசியாக வாங்கும் சின்னப் பையனுக்குத் துண்டை விட அவனே காய்ந்தவன். அவன் வெயிலில் நின்று காய்கிற வரை குடும்பம் இன்னொரு தட்டு மீன் சொல்கிறது. வண்டி சீட்டு நனையக்கூடாதாம்.